எதிர்ப்பொருளுக்கு ஒரு சட்டை

மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டதால் கணவர் மேடையேற வேண்டியதாயிற்று. அவள் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி. அவரோ அச்சகத்தில் பிழை திருத்துபவர். போன வருடம் ஆய்வுக்கூடம் பொதுமக்களுக்காக நடத்திய கூட்டத்தில் அவள் பேசியபோது பாதி அரங்கம் தூங்கிவிட்டது. இந்த முறையும் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காவிட்டால் அந்தக் கூட்டத்தையே நிறுத்திவிடப் போவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

அவசரமாகத் தலைவழியே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். பேசத்தான் முடியாதே.

அவள் அவர் தோளுயரம்தான். ஆனாலும் மைக் அவர் வாய்க்கு நேராகவே நின்றது. அது ஒன்றுதான் ஆறுதல். அவள் எழுதித்தந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"சொல்லும் எதிர்ச்சொல்லும் தொட்டுக்கொண்டால் இரண்டுமே மறைந்து ஒளியாகிவிடும்!"

அரங்கம் விழித்துக்கொண்டது. அவருக்கு வியர்த்தது. அவள் 'பொருள், எதிர்ப்பொருள்' என்றுதான் எழுதியிருந்தாள். 'இதுகூடவா தெரியாது' என்று பழக்கதோஷத்தில் காலையில் அத்தனையையும் 'சொல், எதிர்ச்சொல்' என்று திருத்தியவர் அவரேதான்.

சமாளிக்கப் பார்த்தார். "அதாவது... வீட்டுல நான் ஒரு சொல் சொன்னா, அவ எதிர்ச்சொல் சொல்லுவா..."

"உடனே ரெண்டு பேரும் ஒளியாயிடுவீங்களா?" என்றார் முன்வரிசை மருந்துக்கடைக்காரர்.

சிரிப்பு கிளம்பியது. பதற்றத்தில் காகிதம் கைநழுவி மேடைக்குக் கீழே போனது. அவர் குனிந்தார்.

"சார், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க! தையலெல்லாம் வெளியே தெரியுது!" என்றாள் ஒரு பெண்.

சமையலறையில் மனைவி ஆயிரம் தடவை சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஆமாங்க! அதே துணி, அதே எடை, திருப்பிப் போட்டிருக்கு. பொருளும் எதிர்ப்பொருளும் கிட்டத்தட்ட அப்படித்தான். எடை ஒண்ணு, மின்னூட்டம் நேர்மாறு. ரெண்டும் தொட்டா ரெண்டுமே காலி. வெளிச்சம்தான் மிஞ்சும்."

"அப்ப நாம மட்டும் எப்படி மிஞ்சினோம்?" மருந்துக்கடைக்காரர் இப்போது கேலியாகக் கேட்கவில்லை.

"ஆதியில பொருள் துளியூண்டு கூடுதலா இருந்துச்சாம். அந்தத் துளிதாங்க நீங்க, நான், இந்த மைக், எல்லாம். ஏன் கூடுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதைத்தான் என் வீட்டுக்காரி தினமும் தேடிட்டு வர்றா. வந்தவகிட்ட நான் எழுத்துப்பிழை கதை சொல்றேன்."

அவருக்கு இப்படி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறோமே என்று பெருமை தாங்கவில்லை.

கைகள் உயர்ந்தன. கேள்விக்கு மேல் கேள்வி. இயக்குநரே ஒன்று கேட்டார்.

கைதட்டலுக்கு நடுவே இறங்கி வந்தவர் மைக்செட்காரரிடம் உருகினார். "அவ வாங்கவேண்டிய கைதட்டலுங்க இது. பாவம், இன்னிக்குப் பார்த்தா தொண்டை கட்டணும்?"

"தொண்டை கட்டப்போகுதுன்னு அம்மா போன வாரமே சொல்லிட்டாங்களே சார். அதான் மைக்கை உங்க உயரத்துக்கு வெச்சேன்."