பதினொன்றுக்குப் பதினொன்று

படைத்தவனே நேரில் வந்து கேட்டாலும், அடையாளம் சரியாகச் சொல்லாவிட்டால் ஆளை ஒப்படைக்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை 'பொருத்தம்' என்றே கூப்பிடுவோம். கல்யாணப் பொருத்தம் ஒன்றுகூட அவர் பார்த்தது கிடையாது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று, கூட்டத்தில் காணாமல் போனவர்களை உட்கார வைக்கும் கீற்றுக் கொட்டகையில் நோட்டும் பென்சிலுமாக இருப்பார். எழுபதுகளிலிருந்து எனக்குத் தெரியும். சம்பளம் இல்லை. அவருக்கு அது சாமி காரியம்.

வழி தவறி வந்தவரின் அடையாளங்கள் பதினொன்றை ஒரே வரியில் எழுதிக்கொள்வார். தேடி வருகிறவரிடம் அதே பதினொன்றைக் கேட்பார். எல்லாம் பொருந்தினால் எத்தனையாவது வரி என்று மட்டும் சொல்வார். கொட்டகையைத் தடுத்திருக்கும் ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய் அந்த நம்பர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். பத்து பொருந்தினாலும் "கெடையாது"தான்.

செங்கத்துக்காரர் ஒருவர் அப்பாவைத் தேடி வந்தார். பெரியவர் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "டேய், இங்கதான்டா கீறேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க பெரியவரே. உங்க புள்ள பச்சைத் துண்டுன்றாரு. உங்க தோள்ல துண்டே இல்ல."

"கூட்டத்துல உருவிக்கினு போச்சுங்க."

"அப்ப கெடையாது."

மகன் மாட வீதிக்கு ஓடி, ஒரு பச்சைத் துண்டு வாங்கி வந்து அப்பாவின் தோளில் போட்ட பிறகுதான் "பதினாலு" என்றார் பொருத்தம்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு தீபத்தில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய இரண்டு குழந்தைகளை யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். இரண்டு தாய்களும் அழுத அழுகையைப் பக்கத்தில் நின்று கேட்டவர் இவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் முறை வந்தது. கல்யாணமான பன்னிரண்டு வருஷமும் நானும் என் சம்சாரமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, சேர்ந்து நின்றுதான் தீபம் பார்ப்போம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்த வருஷம் மாலை நான்கு மணிக்குக் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏறிவிடும். தேடி அலுத்துக் கொட்டகைக்கு வரும்போது மணி ஐந்தரை.

"சேலை இன்னா நெறம்?"

காலையில் அவளோடுதான் பஸ் ஏறினேன். "பச்சைங்க" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

"மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"வலதுங்க. இருங்க, எதுக்க நின்னா எனக்கு வலது, அவளுக்கு..."

அப்போது தட்டிக்குப் பின்னால் ஒரு இருமல். எனக்கு உயிர் வந்தது. "ஐயா, அது என் சம்சாரத்து இருமல்."

"இருமல் பட்டியல்ல இல்ல. நாலுதான் பொருந்துது. கெடையாது."

மலை உச்சியில் ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. அண்ணாமலையாரே, இந்த ஒரு வருஷம் தனியாக நிற்க வைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். பொருத்தம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இன்னொரு நோட்டைப் பிரித்தார். தேடி வருகிறவர்கள் சொல்லும் அடையாளங்களை எழுதிவைக்கும் நோட்டு அது.

"புருவத்துல தழும்பு. சரி. முன்பல்லுல வெத்தலைக் கறை. பல்லைக் காட்டுங்க." காட்டினேன். "வேட்டியில பின்பக்கம் தையல். திரும்புங்க." திரும்பினேன். இப்படியே ஒவ்வொன்றாக வந்து, கடைசியில், "பயந்தா காதைப் புடிச்சிக்குவாரு" என்று படித்தார்.

நான் காதிலிருந்து கையை எடுத்தேன்.

"பதினொண்ணுக்குப் பதினொண்ணு. காணாம போனது நீங்கதான். ஏம்மா, வந்து உன் ஆளைக் கூட்டிக்கினு போ."

அவள் வெளியே வந்தாள். அரக்குச் சேலை. "இதான் உங்களுக்குப் பச்சையா?" என்று ஆரம்பிப்பதற்குள் மலையில் ஜோதி எழும்பிவிட்டது. ஊரே அரோகரா என்றது. நாங்களும் சேர்ந்துதான் கும்பிட்டோம். கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மூக்குத்தி இடது பக்கம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் முதல் வேலையாக அவள் சேலையைப் பார்த்துக்கொள்வேன். தீபத்துக்குத் தீபம் பொருத்தத்துக்கு ஒரு பை வேர்க்கடலையும் கொண்டுபோவேன்.

ஒரு வருஷம் கொட்டகையில் அவரைக் காணோம். மைக் முன்னால் வேறொருவர் இருந்தார். "யாரைத் தேடுறீங்க? பேரு இன்னா?" என்றார். பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

"அடையாளமாவது சொல்லுங்க."

நெற்றியில் பட்டை விபூதி, காதில் பென்சில், நூல் கட்டிய கண்ணாடி, இடது தோளில் துண்டு என்று பதினொன்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் அப்படியே மைக்கில் ஒலிபரப்பினார். பிறகு கோயிலுக்கு மேற்கே பேய்க் கோபுரத்துப் பக்கத்துக் கொட்டகையின் ஒலிபெருக்கி கரகரத்தது. அவரை அந்தப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள்.

"பத்துதான் பொருந்துது. கண்ணாடி மாத்தி ஆறு மாசம் ஆவுது. கெடையாது."

மறுபடியும் அதே குரல், கொஞ்சம் தணிவாக:

"இருந்தாலும் அனுப்பி வைங்க. காதைப் புடிச்சிக்கினு நின்னுட்டிருப்பாரு."

பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.