சென்சார் வாங்கலாமா என்று கரடி யோசித்த கதை

ஒரு காட்டில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. ‘வாழ்ந்து வந்தது’ என்றுதான் இப்படிக் கதைகளில் சொல்வது வழக்கம். ஆனால் பொய் சொல்லக் கூடாதில்லையா, அது உட்கார்ந்துதான் இருந்தது. குகைக்குக் கரண்ட் வந்த நாளிலிருந்தே உட்கார்ந்திருந்தது. எதிரே டிவி, டிவிக்குக் கீழே வீடியோ கேம் பெட்டி, கையில் ஜாய்ஸ்டிக். கை வலித்தால் ஜாய்ஸ்டிக்கை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளும். வயிறும் நல்ல மேசையாக நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டு வந்தது.

கரடியின் பெயர் முத்தழகு. பெயர் வைத்த காலத்தில் பொருத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கேமுக்குள் முத்தழகு பெரிய வீரன். பனிமலை ஏறும், கோட்டைச் சுவர் தாண்டும், ஓடுகிற ரயிலின் மேல் ஓடும். வெளியே, தண்ணீர்ப் பானை வரைக்கும் போய்த் திரும்பினால் மூச்சு வாங்கும். ‘பானை கொஞ்சம் தள்ளி இருக்கிறது’ என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

அந்தக் காட்டுக் கரடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இலுப்பை பூக்கிற காலத்தில் வீட்டு ஆண்கரடி மரத்தின் உச்சிக்கு ஏற வேண்டும். முதல் கொத்தை அங்கேயே தின்ன வேண்டும். இரண்டாவது கொத்தை ஒடித்து, கீழே நிற்கும் மனைவிக்குப் போட வேண்டும். தானாக உதிர்ந்த பூவை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். மான் பொறுக்கும், பன்றி பொறுக்கும். கரடி பொறுக்காது.

போன வருஷம் முத்தழகு மரத்தைக் கட்டிப்பிடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. “முதுகு பிடிச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கியது. இறங்கியது என்பதுகூடச் சரியில்லை, கையை எடுத்தது, அவ்வளவுதான். அப்புறம் பன்றிகளோடு சேர்ந்து குனிந்து பூப் பொறுக்கியது. ஒரு பன்றி மரியாதையாக ஒதுங்கி, “வாங்கண்ணே, இந்தப் பக்கம் நெறைய கெடக்கு” என்றது. யாராவது சிரித்திருந்தால்கூட முத்தழகு தாங்கியிருக்கும். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

இதை முத்தழகின் மனைவி வெள்ளையம்மா பார்த்தது. பூவுக்கு விருந்தாக மேமலையிலிருந்து வந்திருந்த வெள்ளையம்மாவின் அண்ணன் வீரணனும் பார்த்தது.

“தங்கச்சி, அடுத்த பூவுக்கும் மாப்ள தரையிலதான் நின்னார்னா, நீ பேசாம எங்கூட மேமலைக்கு வந்துரு. ஒனக்குப் பூ ஒடிச்சுப் போட அங்க ஆள் இருக்கு” என்றது வீரணன்.

வெள்ளையம்மா ‘வர்றேன்’ என்றும் சொல்லவில்லை, ‘வரல’ என்றும் சொல்லவில்லை. அதை நினைத்து நினைத்து முத்தழகுக்குத் தூக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. தூங்கியது. ஆனால் கவலையோடு தூங்கியது.

இப்படி இருக்கையில் ஒருநாள், கேமுக்கு நடுவே ஒரு விளம்பரம் வந்தது. டிவியின் தலையில் வைக்கிற கறுப்புக் கருவி. அதற்கு ஒரு கண். எதிரே நின்று நாம் கையைக் காலை ஆட்டினால் திரையில் இருக்கிற பொம்மையும் ஆடும். நாம் குதித்தால் அதுவும் குதிக்கும். ஜாய்ஸ்டிக்கே வேண்டாம். சென்சார் என்று பெயராம். வயிறே இல்லாத ஒரு சிறுத்தை அதன் முன்னால் துள்ளிக்கொண்டே, “ஆடுங்க, இளைங்க!” என்றது.

முத்தழகு நிமிர்ந்து உட்கார்ந்தது. கேமையும் விட வேண்டாம், வயிறும் குறையும், மரமும் ஏறலாம், மனைவியும் போகாது. நேராகப் போய் மரத்தில் ஏறிப் பழகினால் என்ன என்ற யோசனையும் அதற்கு வராமல் இல்லை. வந்தது. அதில் கேம் எதுவும் இல்லாததால் போய்விட்டது.

ஆனால் சென்சாரைச் சட்டென்று வாங்கிவிடவும் பயம். காட்டின் அந்தக் கோடியில் கடை வைத்திருக்கும் நரி, ‘பெட்டியைப் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று பலகையே தொங்கவிட்டிருந்தது. போன தடவை அங்கே வாங்கிய வயிறு குறைக்கும் பெல்ட்டை வெள்ளையம்மா குகை வாசலில் குறுக்கே கட்டிவிட்டது. இப்போது அதில் சுரைக்கொடி படர்ந்து, நன்றாகவே காய்த்துக்கொண்டிருந்தது.

“இந்தத் தடவை நல்லா விசாரிச்சுட்டுத்தான் வாங்கணும்” என்றது முத்தழகு.

வெள்ளையம்மா கொடியைப் பார்த்தது. கணவனைப் பார்த்தது. “ஆத்துக்கு அக்கரையில ஆனைக்கா வாங்கியிருக்காங்களாம். போய்க் கேட்டுட்டு வாங்களேன்” என்றது.

முத்தழகு விடிந்ததும் கிளம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து, ஆற்றில் இறங்கித் திணறிக் கரையேறி, ஆனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

“நல்ல சாமான்தான் தம்பி. ஆனா எடம் வேணும். ஆடுறப்ப ஒரு எட்டுப் பின்னால வெச்சேன், செவுரு போச்சு” என்றது ஆனை.

“ஒங்கள அதுக்கு நல்லாத் தெரியுதாக்கா?”

“முட்டி வரைக்கும் தெரியுது. முழுசாத் தெரியணும்னா நான் அடுத்த காட்டுல நின்னுல்ல ஆடணும்? வேண்டாம் தம்பி, வாங்காத.”

வாங்குவதில்லை என்று முடிவெடுத்துத் திரும்பியது முத்தழகு. மனதில் ஒரு நிம்மதி. பழையபடி உட்காரலாம்.

வெள்ளையம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, “ஆனைக்கா ஒடம்பு வேற, ஒங்க ஒடம்பு வேற இல்லையா? சின்ன ஒடம்புக்காரங்க யாரையாச்சும் கேட்டீங்களா?” என்றது.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் குரங்கு வீடு. குரங்கு இறங்கி வந்து பேசுகிற வழக்கமில்லாதது. இருப்பதோ செங்குத்துப் பாறையின் மேல். முத்தழகு பாதிப் பாறை ஏறி, வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்க வேண்டியிருந்தது.

“இன்னுமா வாங்கல? என்ன மாமா நீ!” என்று மேலிருந்து கத்தியது குரங்கு. “என் வாலை அது இன்னொரு கைன்னு நெனச்சிருச்சு. பாயிண்ட்டு கொட்டுது!”

வாங்கியே தீருவது என்று முடிவெடுத்துத் திரும்பியது முத்தழகு.

“வாங்குங்க, நல்லதுதான்” என்றது வெள்ளையம்மா. “ஆனா குரங்குக்கு வாலு இருக்கு. ஒங்களுக்கு வாலு இருக்கிறது எனக்கே மறந்துபோச்சு. வாலு இல்லாதவங்க என்ன சொல்றாங்கன்னு வீடியோ எதுவும் பாத்தீங்களா?”

வீடியோ பார்க்க டவர் வேண்டும். டவர் மொட்டைப்பாறை உச்சியில்தான் கிடைக்கும். முத்தழகு போனைக் கவ்விக்கொண்டு தினமும் ஏறியது. காட்டில் புதுப்பொருள் எது வந்தாலும் வீடியோ போடுகிற கொக்கு ஒன்று உண்டு. அது, “வணக்கம் நண்பர்களே, காலையிலேர்ந்து இது முன்னால ஒத்தக்கால்ல நிக்கிறேன். ஒரு அசைவையும் இது கண்டுபிடிக்கல. சுத்த வேஸ்ட்டு” என்றது. ஆமை ஒன்று, “பெட்டியைப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன், மத்தத அடுத்த வருசம் சொல்றேன்” என்றது. கீழே கமெண்ட்டில் முயல்கள் கொக்கைத் திட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முத்தழகு சாயங்காலம் இறங்கும். மறுநாள் புது வீடியோ வந்திருக்கும். ஏறும்.

ஒருவழியாகக் கரடி ஒரு முடிவுக்கு வரும். வந்ததும் வெள்ளையம்மா ஒரு கேள்வி கேட்கும். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ மெல்லும். மெல்வதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

“ஏங்க, நம்ம குகை இருட்டு. நீங்களும் கறுப்பு. ஒங்கள அதுக்குத் தெரியுமா?” என்று ஒருநாள் கேட்டது.

முத்தழகு ஆடிப்போனது. இத்தனை விசாரணையில் இது தோன்றவே இல்லையே! அன்றே நரி கடைக்கு நடந்தது. நரி, இருட்டு மூலையில் வைத்திருந்த சென்சாரின் முன்னால் அதை நிறுத்தியது. முத்தழகு கையை ஆட்டியது, காலை ஆட்டியது, குதித்தது. ‘எதிரே யாரும் இல்லை’ என்று திரையில் எழுத்து வந்தது. மனசுக்குள் நெடுநாளாக இருந்த சந்தேகத்தை ஒரு மெஷின் வாயால் கேட்டது போல இருந்தது முத்தழகுக்கு.

“அண்ணாச்சி, கொஞ்சம் பவுடர் பூசுனா சரியாயிரும். ஆஃபர் இன்னைக்கு மட்டுந்தான்” என்றது நரி.

“யோசிச்சுட்டு வர்றேன்.”

“அப்ப நாளைக்கும் இருக்கும்” என்றது நரி.

முத்தழகு திரும்ப நடந்தது. ‘கறுப்பு முடிக்கு வேலை செய்யுமா?’ என்று கொக்குக்கு ஒரு கமெண்ட் போட்டுவிட்டு, பதில் வந்ததா என்று பார்க்க மொட்டைப்பாறைக்கு ஏறியது, இறங்கியது, ஏறியது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஜாய்ஸ்டிக் வயிற்றில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. ஜாய்ஸ்டிக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டது.

இலுப்பை பூத்தது. வீரணன் வந்தது. வந்ததும் வராததுமாக, “என்ன தங்கச்சி, மூட்டையெல்லாம் கட்டி வெச்சிட்டியா?” என்றது.

வெள்ளையம்மா அண்ணனைச் சுற்றிக்கொண்டு நடந்தது. மரத்தடியில் வேர்த்துப்போய் நின்ற கணவனின் காதருகே போய், “இலுப்பை உச்சியில டவர் பாறையைவிட நல்லாக் கெடைக்குதாம். கொக்கு பதில் போட்டுருச்சுன்னு குரங்கு சொல்லுச்சு” என்றது.

முத்தழகுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. போனைக் கவ்வியது. மரத்தில் கால் வைத்தது. கிளை கிளையாகத் தாவி உச்சிக்குப் போய், ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனைத் தள்ளிப் பார்த்தது. முகத்தை மறைத்த பூங்கொத்தை வாயால் பிடுங்கித் தின்றது. இன்னொரு கொத்து வெளிச்சத்தை மறைத்தது. அதை ஒடித்துக் கீழே போட்டது. கொத்து நேராக வெள்ளையம்மாவின் தலையில் விழுந்தது.

கீழே நின்றவர்கள் கத்திய கத்தலில் காடே அதிர்ந்தது. பன்றிகள்தான் முதலில் கைதட்டின.

உச்சியில் முத்தழகு கொக்கின் பதிலைப் படித்தது: ‘நல்ல கேள்வி நண்பா, நன்றி.’

“ஒண்ணுமே சொல்லலடி இவன்!” என்று அங்கிருந்து கத்தியது. கத்திய பிறகுதான் கீழே பார்த்தது. பார்த்ததும் கிளையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது.

இறங்கி வந்ததும் வீரணன் அதைக் கட்டிப்பிடித்தது. இப்போது முதுகுக்குப் பின்னால் கை எட்டியது. “மாப்ள, என்னத்தப் பண்ணுனீரு?”

“சென்சார்தான் மச்சான்.”

“அதை வெச்சு ஆடுனீராக்கும்?”

“இல்ல, இன்னும் வாங்கல. யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

“வாங்காமயே இப்படின்னா வாங்குனா எப்படி இருப்பீரு!” என்றது வீரணன். நேராக நரி கடைக்குப் போனது. பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து குகை வாசலில் இறக்கியது.

“அண்ணே, வேண்டாம்ணே!” வெள்ளையம்மா அந்த வருஷத்திலேயே முதல்தடவையாகக் குரலை உயர்த்தியது.

“சும்மா இரு. தங்கச்சி வீட்டுக்கு இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன அண்ணன்?”

அண்ணன் கொண்டுவந்த சீரைத் திருப்பியனுப்புகிற வழக்கம் எந்தக் காட்டிலும் கிடையாது. வீரணனே தன் கையால் பெட்டியையும் பிரித்தது. கதை அங்கேதான் கெட்டது.

முத்தழகு பவுடர் பூசிக்கொண்டு சில நாள் குதித்தது. நின்றுகொண்டு ஆட வேண்டியதில்லை, உட்கார்ந்தபடி கையை ஆட்டினாலே போதும் என்று பிறகு கண்டுபிடித்தது. கையைக்கூட ஆட்ட வேண்டியதில்லை என்று அதற்குப் பிறகு கண்டுபிடித்தது. சென்சாரை வாசல் பக்கம் திருப்பி வைத்தது. பெல்ட்டில் தொங்கிய சுரைக்காய் காற்றில் ஆடியது. திரையில் பொம்மையும் ஆடியது. ஒரு காயைப் பறித்தால் அடுத்த காய் ஆட்டத்தைத் தொடர்ந்தது. முத்தழகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தக் கேமில் காட்டிலேயே முதலிடம் சுரைக்காய்க்குத்தான். வயிறு பழையபடி மேசையானது. ஜாய்ஸ்டிக்குக்கு வேலையில்லாததால் அதில் தட்டு வைத்துக்கொண்டது. தன்னைவிடச் சுரைக்காய் சுறுசுறுப்பு என்பதில் முத்தழகுக்குச் சின்ன வருத்தம் உண்டு. ஆனால் அதைச் சொல்ல எழுந்திருக்க வேண்டுமே.

மறுபடி இலுப்பை மொட்டு வைத்தது. மேமலையிலிருந்து அண்ணன் வரப்போவதாகச் செய்தி வந்தது. வெள்ளையம்மா வாசலில் நின்று, ஆடுகிற சுரைக்காயையும் ஆடாத கணவனையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, எதையோ மென்றபடி, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னது:

“ஏங்க, இது பழைய மாடலாமே. பின்பக்கமும் பாக்குற மாதிரி புதுசு வந்திருக்காம்.”

தட்டு வயிற்றிலிருந்து கீழே விழுந்தது.

“யாரு சொன்னா?”

“ஆனைக்கா வீட்டுல பேசிக்கிட்டாங்க. வாங்கலாமா வேண்டாமான்னுதான் தெரியல.”

“விசாரிக்காம வாங்கக் கூடாது” என்றது முத்தழகு. கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி, இரண்டு மூச்சு விட்டு எழுந்தது. போனை எடுத்துக்கொண்டது. ஆற்றுப் பக்கம் நடந்தது.

அது வளைவில் மறைகிற வரைக்கும் வெள்ளையம்மா பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துவந்து, காட்டிலேயே முதலிடத்தில் இருந்த சுரைக்காயைப் பறித்து, கூட்டுக்கு நறுக்க உட்கார்ந்தது.

நீதி: உடம்பை இளைக்க வைக்கும் கருவிகள் எல்லாமே வாங்குகிற வரைக்கும் நன்றாக வேலை செய்யும். ஆகவே நல்லதாக ஒன்றைப் பார்த்து வாங்காமல் இருங்கள். மச்சானும் வாங்கித் தந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.