சத்தமே போடாமல் ஓடிய ஃபியட்

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் கார் வாங்குகிறார்கள். கார் வீடியோ பார்த்தவர்கள் பழைய கார் வாங்குகிறார்கள். நான் இரண்டாவது ரகம்.

அந்த வீடியோக்கள் எல்லாமே ஒரே மாதிரிதான். தாடி வைத்த ஒருவர் துருப்பிடித்த காரைச் சோகமாகத் தடவிக் கொடுப்பார். பின்னணியில் கிடார் வாசிப்பார்கள். அது முடிவதற்குள் அதே கார் பளபளவென்று மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும். நடுவில் கிடார் வாசிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை என்று நான் மனதார நம்பினேன். (பி.டெக். படித்தவள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ்.)

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் என் ஃபியட் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்பதை மரியாதைக்காகச் சொல்கிறேன். பாதி மண்ணுக்குள் போயிருந்தது. பின் சீட்டில் ஏதோ ஒரு நாய் குடும்பம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் தகரம் ஓட்டையாகி, அதன் வழியே ஓர் ஆமணக்குச் செடி எழும்பி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் பானெட்டைத் தட்டி, "இன்ஜின் ஏக்தம் மக்கன், மேடம்" என்றார். வெண்ணெய் மாதிரி ஓடுமாம். எந்தக் காலத்து வெண்ணெய் என்று கேட்டிருக்க வேண்டும். நானோ, "செடியை வெட்டிவிடாதீர்கள், முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அப்படி ஒரு நிம்மதி.

சைனிக்புரியில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் லாரிக்காரர்கள் அதை இறக்கியபோது அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். அம்மாவுக்குத் திருநெல்வேலி. ஹைதராபாத்துக்குக் கல்யாணமாகி வந்து இத்தனை வருஷமாகியும் அவளுடைய தமிழ் தாமிரபரணியைத் தாண்டவில்லை.

"ஏட்டி, காசு குடுத்து துருவ வாங்கிட்டு வந்திருக்கியே! உள்ள செடில்லா மொளச்சிருக்கு!"

"கிளாசிக்மா. இதோட அருமை உனக்குத் தெரியாது."

"அருமை கெடக்கட்டும். பாம்பு இருக்கான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. லாரிக்காரர்கள் பார்த்தார்கள். பாம்பு இல்லை.

அப்பா காரைச் சுற்றி வந்தார். அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், குஷாய்குடா பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் ரசத்திலிருந்து வரன் வரை எதுவாக இருந்தாலும் அவரிடம் இரண்டே தீர்ப்புதான்: பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட்.

"கைக்கு மா இதெல்லாம்?" என்றார் கடைசியில். (எதற்கு என்பது அவருடைய உருது கலந்த தமிழில் 'கைக்கு'.) "சரி, வாங்கிட்டே. ஆயுத பூஜை அன்னிக்கு இந்த வண்டி எலுமிச்சம்பழத்த நசுக்கணும். நசுக்கினா பாஸ், போர்டிகோ உன்னோடது. இல்லேன்னா மறுநாள் காலைல கபாடிவாலா வருவான்."

"அப்பா, டைம் கொஞ்சம்..."

"நக்கோ. இன்ஸ்பெக்ஷன் தேதி மாறாது."

என் காருக்கு உயிரா, பழைய இரும்புக்கடையா என்பது இப்படித்தான் நான்கு எலுமிச்சம்பழங்களின் தலையில் விழுந்தது.

நான் வெறியோடு இறங்கினேன். எல்லா வீடியோக்களும் பாதுகாப்பே முதல் என்று சொல்லியிருந்தன. அதனால் முதல் வேலையாகப் பிரேக்கைக் கழற்றினேன். ஹேண்ட்பிரேக்கை நான் கழற்றவில்லை. லேசாக இழுத்தேன், அது தானாகவே கையோடு வந்துவிட்டது. கார்புரேட்டரை எலுமிச்சைச் சாற்றில் கொதிக்க வைத்தால் அழுக்கு போகுமென்று ஒருவர் சொன்னார். வீட்டில் அந்த அளவுக்கு இருந்தது இட்லிக் கொப்பரைதான். ("நாளைக்கு இதுலதான் உங்கப்பாவுக்கு இட்லி அவிக்கணுமாட்டி?" என்று அம்மா கேட்டாள். அவள் புதுக் கொப்பரை வாங்கும்வரை வீட்டில் உப்புமா.) கழற்றுவதில் நான் புலி. கழற்றியதை மாட்டும் கட்டத்தில்தான் எல்லா வீடியோவிலும் அந்த கிடார் வந்து தொலைத்தது.

பூஜை நெருங்கியபோது கார் வெளியே செக்கச் செவேலென்று இருந்தது. ஸ்ப்ரே டப்பா உபயம். பானெட்டுக்குள் ஒன்றுமில்லை. இன்ஜின் பாகங்கள் அத்தனையும் பிரேக்கும் மொட்டை மாடியில் பக்கெட்டுகளில் ஊறிக்கொண்டிருந்தன. அப்பாவிடம், "எல்லாம் மாட்டியாச்சுப்பா. பேட்டரிதான் கொஞ்சம் வீக்கு. தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றேன்.

திட்டம் என்னவோ பிரமாதமானதுதான். அப்பா நசுக்கத்தான் சொன்னார், இன்ஜினால் நசுக்கச் சொல்லவில்லை. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கற்களை எடுத்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். யாராவது தள்ளுவார்கள், எலுமிச்சை நசுங்கும், கார் நாலடி உருண்டு செங்கல்லில் முட்டி நிற்கும். 'அய்யோ, ஸ்டார்ட் ஆகலையே' என்று நான் உதட்டைப் பிதுக்குவேன். நிபந்தனை நிறைவேறிவிடும். கேட்டுக்கு வெளியே தெரு சரிவாக இறங்கி நேரே தெருக்கோடியில் குடியிருக்கும் கர்னல் அங்கிள் வீட்டு கேட்டில் போய் முடிகிறது என்ற விஷயத்துக்கு இந்தத் திட்டத்தில் வேலையே இல்லை.

ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தாள். வாழ்த்துச் சொல்லிவிட்டுச் சுண்டல் சாப்பிட வந்த கர்னல் அங்கிளை நான் தள்ளக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றவர், தெலுங்குக்காரர். ஒரு காலத்தில் குன்னூரில் இருந்ததால் தமிழ் தெரியும். தெரிந்த தமிழ் முழுக்க ஆணைகள்.

நான் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்தேன். அப்பா கற்பூரம் காட்டினார். கர்னல் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "தள்ளு!" என்று தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டார். நான் எதிர்பார்த்தது ஒரு பெரியவரின் தள்ளல். கிடைத்தது ஒரு படையின் தள்ளல்.

எலுமிச்சைகள் சப், சப்பென்று நசுங்கின. அம்மா குலவை போட்டாள். கார் கேட்டை நெருங்கியது. செங்கல்லைக் காணோம். அந்த இடத்தில் அழகான புள்ளிக் கோலம் இருந்தது.

"அம்மா! செங்கல் எங்கே?"

"கோலத்துக்கு எடைஞ்சலா இருந்துச்சுட்டி, ஓரமா எடுத்து வச்சிட்டேன்!"

கார் கோலத்தின் மேல் ஏறித் தெருவில் இறங்கி வேகம் பிடித்தது. நான் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. அதுதான் மக்கன். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. வாழ்நாளில் அவர் அப்படி மகிழ்ந்து நான் கேட்டதில்லை.

"ஸ்டார்ட் ஆயிடுச்சு! சத்தமே இல்லாம எவ்ளோ ஸ்மூத்தா போவுது பாருடி! பாஸ்! பாஸ்!"

கர்னல் மட்டும் விஷயத்தைப் புரிந்துகொண்டு காருக்குப் பின்னால் ஓடி வந்தார். "நில்! நில்!" என்று காருக்கு ஆணையிட்டார். அவர் வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படியாத முதல் ஆள் என் ஃபியட்டாகத்தான் இருக்கும்.

அவர் வீட்டு கேட் பண்டிகைக்காக விரியத் திறந்திருந்தது. கார் மாலையும் கழுத்துமாக உள்ளே போனது. வெள்ளையடித்த கற்களைத் தாண்டியது. பெயர்ப்பலகை வைத்து அவர் வளர்த்த ரோஜாச் செடிகளை வரிசை மாறாமல் சாய்த்தது. புல்வெளி நடுவில் இருந்த மாமரத்தில் மெதுவாக முட்டி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கதவு மட்டும் கழன்று விழுந்தது.

கர்னல் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "பிரேக் எங்கே?"

"மாடில இருக்கு அங்கிள். பக்கெட்ல."

அவர் ரோஜாக்களைப் பார்த்தார். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதற்குள் அப்பா வந்துவிட்டார். பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு காலி அலமாரி. நான் அழத் தயாரானேன்.

"அப்பா, எலுமிச்சை நசுங்கிச்சில்ல? நீங்களே பாஸ் சொன்னீங்க."

"ஹவ், சொன்னேன். சொன்ன சொல் மாற மாட்டேன். போர்டிகோ உன்னோடது." திரும்பிக் கர்னலைப் பார்த்தார். "ஆனா வண்டி இப்ப என் போர்டிகோவுல இல்லையே."

"நாளைக்கே இழுத்துட்டுப் போயிடறேன் அங்கிள்" என்றேன்.

கர்னல் நிமிர்ந்து நின்றார். "உள்ளே வந்த வண்டி, நாம பிடிச்ச வண்டி. பிடிச்ச வண்டி திருப்பிக் கொடுக்காது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் காரைச் சுற்றி வெள்ளையடித்த கற்களை அடுக்கியாகிவிட்டது. எதிரியிடம் பிடித்த டாங்கியை நிறுத்துவார்களே, அப்படி. விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டி, விடியற்காலையில் எதிரி தாக்கிய மாதிரி கதை சொல்கிறார். என் ஃபியட் இரும்புக்கடைக்குப் போகாமல் தப்பித்தது உண்மைதான். எனக்கில்லாமல் தப்பித்தது.

போன மாதம் ஒரு வரன் பெண் பார்க்க வந்தது. பையனின் அப்பா காபியை உறிஞ்சியபடி, "பொண்ணுக்கு கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

அப்பா வாசல் கதவு வழியாகத் தெருக்கோடியைக் கைகாட்டினார். புல்வெளி, மாமரம், அதில் மூக்கை வைத்தபடி ஒரு சிவப்பு ஃபியட்.

"அதோ, அவ பார்க் பண்ணதுதான்."

பையனின் அப்பா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மகனிடம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, நம்ம வண்டிய எடுத்து அடுத்த தெருவுல விட்டுட்டு வா."