முதல் பக்கத்து மச்சினன்

"என் கடை வெப்சைட்டில் இனி மச்சினன் மூஞ்சி இருக்கக் கூடாது!"

குளியலறையில் நின்று சபதம் எடுத்தேன். வெளியே எடுத்தால் என் சம்சாரம் கல்யாணசுந்தரி காதில் விழுந்துவிடும்.

கோவில்பட்டியில் எனக்குக் குழந்தைகள் உடுப்புக் கடை. சரக்கு புதியம்புத்தூரில் தைத்து வருகிறது. ஊருக்குள் பிராட்பேண்ட் வந்த புதிதில், துபாயில் இருக்கிற நம்மூர்க்காரர்களுக்காக ஒரு வெப்சைட் தொடங்கினோம். படம் போடுவது, விலை மாற்றுவது எல்லாம் சுந்தரிதான். கல்யாணத்துக்கு முந்தி கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்தவள். முதல் பக்கத்தில் முறுக்கு மீசையோடு அவள் தம்பி பாலகணேஷ்.

"கடைக்காரன் நான். அவன் எதுக்குட்டி அங்கன?"

"காதுகுத்துக்குப் பிள்ளைக்கு உடுப்பு எடுக்கது ஆரு? தாய்மாமன். நீங்களா எடுக்குதீங்க?"

என் வாயை அடைத்தால் என்ன, கை இருக்கிறதே! அவள் பசுவந்தனைக்கு ஒரு சடங்குக்குப் போன சமயம் பார்த்து வெப்சைட்டின் உள்பக்கத்தைத் திறந்தேன். டேஷ்போர்டு என்பார்கள். கடைக்குப் பின்கட்டு மாதிரி. மச்சினனைத் தூக்கிவிட்டு என் படத்தைப் போட்டேன். பிறகு பட்டன்களை எல்லாம் இடம் மாற்றினேன். 'படங்கள்' போய் 'இதர'வுக்குள். 'இதர' போய் 'மற்றவை'க்குள். இனி அவள் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

வந்து பார்த்தாள்.

"ஏங்க, பட்டன் எல்லாம் எங்கன போச்சு?"

"புது டிசைன். நவீனம்!"

"நல்லாத்தான் இருக்கு. அப்ப இனி நீங்களே பாத்துக்கிடுங்க."

போய் சீரியல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணி முகூர்த்தம் நெருங்கியது. துபாயிலிருந்து போன்.

"அண்ணாச்சி, புதுப் பட்டுப்பாவாடை படம் போடுங்க. அந்த மீசை மாமாவ வேற காணோம். கடை கைமாறிட்டோன்னு பயந்துட்டோம்."

'மற்றவை'யைத் தேடினேன். அதை எதற்குள் வைத்தேன்? சத்தியமாக ஞாபகம் இல்லை. கண்ணில் பட்டதை அமுக்கினேன். ஜட்டி விலையைத் தூக்கிப் பட்டுப்பாவாடைக்குப் போட்டுவிட்டது! ஆர்டர் மழையாய்க் கொட்டுகிறது. நிறுத்தும் பட்டனையும் நான்தானே ஒளித்து வைத்தேன். சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் ஓடினேன்.

"சுந்தரி... தாயே... பழையபடி மாத்திரு!"

டி.வி.யை விட்டு அவள் கண் நகரவில்லை.

"அப்ப உங்க நவீனம்?"

"நாசமாப் போகட்டும்!"

"மாத்துதேன். ஆனா நான் வச்சதுதான் சட்டம்."

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மச்சினனும் மீசையோடு வந்துவிட்டான்.

"உங்களுக்குன்னு தனியா ஒரு டேஷ்போர்டு வச்சிருக்கேன். கொழப்பமே கெடையாது" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் புருஷன் அல்லவா! மறுநாள் கடைக்குப் போனதும் ஆசையாகத் திறந்தேன். மெனு இல்லை, விலை இல்லை, ஒன்றும் இல்லை. நடுவில் ஒரே ஒரு பட்டன்:

'மச்சினன் படத்தைப் பெரிதாக்கு.'