நாலாயிரத்துப் பன்னிரண்டு

2006-இல் ஒரு புதன்கிழமை, திருவொற்றியூரில் அறுபது பேர் கூடி, நாலாயிரத்துப் பன்னிரண்டு ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பொழுது சாய்வதற்குள் படித்து முடித்தார்கள். அவர்களில் ஐம்பத்தெட்டுப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது.

முந்தின வாரமே வம்பு தொடங்கிவிட்டது.

"சார், ஒரு ஜர்னலும் தொறக்கல!" என்று கல்லூரி நூலகத்துக்குள் ஓடிவந்தாள் யசோதரா. எண்ணூர் உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

"இன்னாம்மா பண்ணே?" என்றார் நூலகர் கோதண்டம்.

"சின்ன புரோகிராம் சார். எல்லாக் கட்டுரையையும் எறக்கி, எதுல குளோரைடு வருதுன்னு எண்ணச் சொன்னேன்."

வெளிநாட்டுக் கம்பெனியின் கடிதம் மேசையில் கிடந்தது: 'ஒப்பந்தப்படி மனிதர் படிக்கலாம், இயந்திரம் படிக்கக் கூடாது. எங்கள் கண் இமைக்காத கணினிக் காவலன் உங்களைப் பிடித்துவிட்டான். கல்லூரிக்கே இணைப்பு துண்டிப்பு.'

கோதண்டம் மீசையை முறுக்கிப் பதில் எழுதினார்: 'இயந்திரமா? எங்கள் வாசகர்களே படித்தார்கள்.'

வந்த பதிலில் அவர் மீசை தொங்கிவிட்டது: 'எங்கள் அலுவலர் புதன்கிழமை வருவார். அவர் எதிரே படித்துக் காட்டவும். பொய்யென்றால் இணைப்பு இனி எப்போதும் கிடையாது.'

"ஏன் சார் எழுதுனீங்க?" யசோதராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கோதண்டம் நேரே தெருமுனைப் படிப்பகத்துக்குப் போனார். அங்கே ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து இருபது பேர் படிப்பார்கள். விளையாட்டுப் பக்கம் மட்டும் கைக்கு வராது.

"இங்கிலீஷா? நமக்கு இன்னா நைனா தெரியும்?" என்றான் கேரம் சாம்பியன் டில்லிபாபு.

"தெரிய வாணாம்டா. கரும்பலகைல ஒரு வார்த்தை எழுதுவேன். அதே மாறி எங்க கீதோ, வட்டம் போடு."

புதன்கிழமை காலை, யசோதரா ஏற்கெனவே இறக்கி வைத்திருந்ததெல்லாம் அச்சாகி, மூன்று மீன்பாடி வண்டிகளில் நூலகத்துக்கு வந்து இறங்கியது. பின்னாலேயே கம்பெனி அலுவலர் ஐரீன்.

"காதுல பூ சுத்தாதீங்க சார்" என்றவள் ஒரு தாள்கட்டை எடுத்து, விரலை நனைத்துச் சரசரவென்று புரட்டி, "நானூத்தி எட்டு தாளு" என்றாள். கோதண்டம் எண்ணிப் பார்த்தார். நானூற்று எட்டேதான்.

படிப்பகத்து ஆட்கள், அக்கம்பக்கத்தார், கோதண்டம், யசோதரா என்று அறுபது பேரும் தாள்களைப் பிரித்துக்கொண்டார்கள்.

"இத்த பாரு, வரி முடிஞ்ச எடத்துல அந்த வார்த்த ரெண்டா ஒடஞ்சி கீது" என்று ஒரு வட்டம் போட்டாள் மீன்காரி பவுனம்மாள். "நூறு மீன்ல ஒரு கெட்ட மீனு இருந்தாலே கண்ணு அங்கதான் போவும். இது இன்னா பிரமாதம்?"

ஐந்து மணிக்குக் கணக்கு வந்தது. குளோரைடு வரும் கட்டுரைகள் ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

யசோதரா தன் தாளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "புரோகிராம் ஆயிரத்து முந்நூத்திப் பதினேழுதான் சொல்லிச்சு சார்! அந்த ஒடஞ்சத விட்டுடுச்சு!"

"எந்தப் புரோகிராம்?" என்றாள் ஐரீன்.

ஐரீன் அறுபது பேரையும் பார்த்தாள். பேனாவைத் திறந்து அறிக்கை எழுதினாள்: 'மனிதர்களே படித்தனர். கண்ணால் கண்டேன். இணைப்பை உடனே தரவும்.'

"தேங்க்ஸ்மா" என்றார் கோதண்டம். "ஆனா உங்க கம்ப்யூட்டர் காவலன் ஒத்துக்குவானா?"

"எந்தக் கம்ப்யூட்டர் சார்? ராயபுரத்துல நாங்க பதினாறு பொண்ணுங்க ஒக்காந்து, யாரு எத்தினி கட்டுரை எறக்குறாங்கன்னு கையாலதான் எண்றோம். உங்க நாலாயிரத்துப் பன்னண்டையும் எண்ணுனது நான்தான்."