பதினான்கு புத்தகங்கள் கொள்ளும் பை

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தம்பி மகள் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதச் சொன்னார் அம்மா. ஆனால் எங்களில் யாரோ ஒருவர் துரோகி என்பதால், எல்லாரையும் சேர்த்து அப்படி எழுத மனம் வரவில்லை.

நீங்கள் முப்பது வருடம் சுங்க இலாகாவில் இருந்தவர். நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து இரண்டாயிரம் பைகள் வரவழைத்திருக்கிறார். சாப்பாட்டின் சூடு ஆறாமல் காக்கும் பை. உள்ளே வெள்ளித்தாள் போலப் பளபளக்கும், வெளியே ஜிப், தோளில் மாட்ட ஒரு வார். இதை பிளாஸ்க் வகையில் சேர்த்தால் வரி குறைவு, பை வகையில் சேர்த்தால் இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு என்றால் கடையே திறக்க முடியாது, அப்பா மறுபடியும் மாமாவின் கிடங்கில் போய் நிற்க வேண்டும், மாமாவும் தினம் தினம் "என்ன மாப்ளே, முதலாளி ஆகிட்டு வந்தாச்சா?" என்று கேட்பார்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் சுங்க அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். அதிகாரி ஒரு பையை மேசையில் வைத்து ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "சார், இது பிளாஸ்க் மாதிரிதான் சார். சாப்பாடு வைக்கிறதைத் தவிர வேற எதுக்கும் ஆகாது" என்றார் அப்பா. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியா? பதினாலு புத்தகம் கொள்ளுமாமே?" என்றார். பெரியப்பா, பன்னிரண்டு இல்லை, பதிமூன்று இல்லை, பதினான்கு! மாதிரிக்கென்று முன்பே வந்த ஒரே பையில் நான் நூலகப் புத்தகங்கள் கொண்டுவருவதும், அது சரியாகப் பதினான்கு பிடிப்பதும் எங்கள் வீட்டு ரகசியம்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எல்லாரையும் கவனித்து வருகிறேன். முதல் சந்தேகம், சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்மேல்தான். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, "என்னம்மா, நூலகத்தையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று சிரித்தார், சும்மா சிரிக்கிற ஆள் இல்லை அவர். அடுத்து நூலகர், முத்திரை குத்துபவருக்கு எண்ணிக்கை தெரியாமலா இருக்கும்? அம்மாவையும் விடவில்லை. "போனில் யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்டதற்கு, "உன் மூஞ்சி! போய்ப் படிடி" என்றார். பதில் சொல்லாமல் மழுப்பியதாக நோட்டில் குறித்திருக்கிறேன். தம்பிக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது, அவனை விட்டுவிட்டேன். உங்கள் பெயரும் பட்டியலில் இருந்தது; உங்களுக்கு நாங்கள் பையே காட்டவில்லை என்பது ஞாபகம் வந்ததும் அடித்துவிட்டேன். மன்னிக்கவும்.

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்களாம். அதற்குள் நீங்கள் அந்த அதிகாரிக்கு எழுதி, தகவல் கொடுத்த ஆள் கொஞ்சமும் நம்பத்தகாதவர் என்று தெரிவிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி அப்பாவின் பைகளுக்கும் சேர்த்து வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பள்ளி ஆண்டு மலர் வந்தது. அதில் முதல் பரிசு பெற்ற என் கட்டுரை, 'என் புத்தகங்களின் வாகனம்', ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. பதினான்கு என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு நல்ல பையில் சாப்பாட்டை வைத்து வீணாக்குகிறவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது என்று முடித்தும் இருக்கிறேன். நடுவர் என்று போட்டிருக்கும் பெயர் அப்பாவின் கோப்பில் கையெழுத்துப் போட்ட அதே சுங்க அதிகாரியின் பெயர். அவர் மகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாளாம். கட்டுரை இலக்கியம் என்பதால் நான் அதைச் சாட்சியமாக நினைக்கவே இல்லை, பெரியப்பா. ஆகவே, நம்பத்தகாதவர் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அப்பாவிடம் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு பத்து நிமிடம் கழித்துப் போன் செய்தால் நல்லது.

பரிசாகக் கொடுத்த புத்தகத்தையும் இப்போது உள்ளே வைத்துப் பார்த்தேன். பதினைந்தும் கொள்கிறது. இதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.