அந்தரத்துக் காணியில் ஒரு வேலிச் சண்டை

புதன்கிழமை காலை தேத்தண்ணிக் கோப்பையோடு லப்டொப்பின் முன்னால் வந்து உட்கார்ந்த சுதாகரனுக்கு முதலில் கண்ணில் பட்டது, ரோபோக்களின் தேநீர்க் கடையைக் காணவில்லை என்பதுதான்.

நேற்று மாலை வரை இருந்த கடை. இரும்பு உலைக்குப் பின்னால், வேலிக்கு இந்தப் பக்கம், அவனே பார்த்துப் பார்த்து வைத்த கடை. இப்போது அந்த இடத்தில் வேலி நின்றது. கடை அதற்கடியில் நசிந்து தகரமாகக் கிடந்தது. முட்டை வடிவ மஞ்சள் ரோபோக்கள் பன்னிரண்டும் வரிசையாகக் குந்தியிருந்து தலையில் கை வைத்திருந்தன. தேநீர் இல்லாவிட்டால் அவை ஓர் ஆணியைக்கூட அசைக்காது. விளையாட்டின் விதி அப்படி.

"இஞ்சாருங்கோ, இடியப்பம் ஆறுது," என்று குசினியிலிருந்து மனைவி தயாளினி கூப்பிட்டாள்.

"கடையை நசிச்சுப்போட்டான், தயா!"

"ஐயோ, ஆற்ரை கடையை?" என்று அகப்பையோடு ஓடி வந்தவள் திரையைப் பார்த்ததும் நின்றாள். "சே, உதோ! நான் என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்."

உதோ என்று தள்ளிவிடக்கூடிய காரியமா அது? யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்னக் கொம்பனி, விண்வெளியில் மிதக்கும் கல்லின் மேல் தொழிற்சாலை கட்டும் ஒரு விளையாட்டைச் செய்திருந்தது. பெயர் 'அந்தரத்து ஆலை'. அதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் தேவை. விண்ணப்பித்தவர்களை இரண்டிரண்டு பேராக ஒரு கல்லில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஆளுக்குப் பாதிக் காணி, நடுவில் வேலி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஆயிரம் இரும்புத் தகடு செய்து, விளையாட்டின் நிறைகுறைகளை எழுதி அனுப்ப வேண்டும். அறிக்கை பிடித்தால் இணுவிலில் வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை கட்டாருக்கு விமானம். ஏஜென்சிக்காரன் வெள்ளி ஐந்து மணிக்கு முடிவு சொல்லச் சொல்லியிருந்தான்.

கட்டாரில் சுதாகரன் ஏற்கெனவே மூன்று வருஷம் இருந்தவன்தான். திரும்பி வந்து பெட்டியை வாசலில் வைத்தபோது மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆரம்மா இந்த மாமா?" என்று கேட்டாள். இன்னொரு தரம் போகக்கூடாது. அவ்வளவுதான் அவனுடைய ஆசை.

விளையாட்டு என்னவோ நல்ல விளையாட்டுத்தான். உலை தும்மினால் கல்லே அதிரும். நூறு தகடு சேர்ந்தால் ரோபோக்கள் விசிலடித்து ஆடும். சாமான் கொண்டுபோகும் பெல்ற் சிக்கினால், "எங்களாலை ஏலாது" என்பதுபோல் நிலத்தில் மல்லாந்து படுக்கும். இதையெல்லாம் திங்கட்கிழமையே 'நிறை' என்ற தலைப்பின் கீழ் மனம் நிறைய எழுதிவிட்டான். குறைகளையும் ஒளிக்கவில்லை. எழுத்துகள் எறும்பு மாதிரி. ஒருமுறை வைத்ததைத் திருப்பி எடுக்க முடியாது. கல்லை மேலேயிருந்து துண்டு துண்டாகத்தான் பார்க்கலாம். பக்கத்துக் காணிக்காரனோடு ஒரு சொல் கதைக்க வழியில்லை, கையை மட்டும் அசைக்கலாம்.

புதுக் கடையொன்றை வேறிடத்தில் வைத்துவிட்டு அவன் பேசாமல் தன் அலுவலைப் பார்த்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து மாமனார் ஆழ்வாப்பிள்ளை முருங்கையிலைக் கட்டோடு உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, முகம் கறுத்துப்போய்க் கிடக்கு?"

"வேலி, மாமா. எங்கடை பக்கம் அரக்கி அடைச்சுப்போட்டான்."

அந்த ஒரு சொல்லே போதும். முருங்கையிலை மேசையில் விழுந்தது. ஆழ்வாப்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டினார். அரை அடி வேலிக்காக அயலவர் அருளம்பலத்தோடு இருபத்திரண்டு வருஷம் வழக்குப் பேசிக் கோடு ஏறி இறங்கிய மனுஷன் அவர். வழக்கு முடிந்து இரண்டு வருஷமாக அவருக்குப் பொழுதே போகவில்லை.

"வேலி ஆற்ரை பங்கு?"

"பொதுவேலி மாமா. கொம்பனி போட்டது."

"காணியை எழுதின உறுதி இருக்கோ?"

"விண்வெளியிலை ஏது மாமா உறுதி?"

"உறுதியில்லாத காணியிலை போய் ஏனப்பா உலை வச்சனீ?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "சரி, எத்தினை கட்டம் உள்ளுக்கு வந்திட்டான்?"

"ரெண்டு."

"இண்டைக்கு ரெண்டு. நாளைக்கு உன்ரை அடுப்படிக்குள்ளை வந்து நிப்பான். உவங்களை எனக்கு வடிவாத் தெரியும்."

"உவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது மாமா."

"ஆளைத் தெரிஞ்சு என்ன செய்யிறது? வேலையைத் தெரிஞ்சால் காணும். மதிலைக் கட்டு!"

மதில் கட்ட எண்பது தகடு வேண்டும். எண்பது தகட்டுக்கு இரும்பு வேண்டும். சுதாகரன் முதலில் புதுத் தேநீர்க் கடையொன்றை வைத்து, இன்னும் இரண்டு துளைப்பான்களை இறக்கி, பகல் முழுக்கக் கல்லைத் தோண்டினான். பின்னேரம் ஐந்து மணிக்கு உருக்கு மதில் நிமிர்ந்து நின்றது. ஆழ்வாப்பிள்ளை வாய் நிறையச் சிரித்தார். "இனி வரட்டும் பாப்பம்."

வியாழன் காலை பார்த்தால், மதில் உள்பக்கமாகச் சாய்ந்து உலையின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அங்காலை இன்னொரு மதில் எழும்பியிருந்தது. பக்கத்துக் காணிக்காரன் கட்டினது. இவனுடையதைவிட இரண்டு மடங்கு உயரம்.

"பாத்தியே தம்பி, பாத்தியே!" ஆழ்வாப்பிள்ளை ஆறரை மணிக்கே பழைய வழக்குக் கடதாசிகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "மதிலோடை சேர்த்துத் தள்ளியிருக்கிறான்! அருளம்பலத்துக்கும் மேலை போயிட்டான் உவன்!"

தயாளினி முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போக வெளிக்கிட்டு நின்றவள், வாசலில் நின்றபடியே சொன்னாள். "ஒருக்கா அந்த ஆளுக்குக் கையைக் காட்டிப் பாருங்கோவன். சண்டை பிடிக்க வந்தனீங்களோ, தகடு செய்ய வந்தனீங்களோ?"

சுதாகரனுக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஒரு ரோபோவை மதிலோரம் கூட்டிப்போய்க் கையை அசைக்கச் செய்தான். பிறகு அங்காலை மதிலுக்கு மேலால் ஒரு நீல ரோபோ தலையை நீட்டி, அதுவும் கையை அசைத்தது. சுதாகரனுக்கு மனம் இளகிப்போய்விட்டது.

"நல்ல ஆள் போலதான் கிடக்கு மாமா."

"விசர்க்கதை கதையாதை! அருளம்பலமும் இப்பிடித்தான். வேலிக் கதியாலைப் பிடுங்கி எங்கடை பக்கம் நட்டுப்போட்டு, கோயில் வீதியிலை கண்டால் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவான். கை அசைக்கிறான் எண்டால் வேறையென்னவோ செய்யப்போறான் எண்டு அர்த்தம். மதிலுக்கு அடியிலை கிடங்கை வெட்டு. ஆழமா வெட்டு. பிறகு எப்பிடித் தள்ளுறான் எண்டு பாப்பம்."

வெட்டினான். வெட்ட வெட்ட இரும்பும் வந்தது, அதனால் தகடும் கூடியது. நானூறு, நானூற்றைம்பது. அடடா, மாமா சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று நினைத்து முடிக்கவில்லை, கிடங்கின் விளிம்பு உடைந்து ஐந்து ரோபோக்கள் உள்ளே உருண்டன. அவற்றை எடுக்கப் பெல்ற் போட்டால் பெல்ற்றும் விழுந்தது. மதியத்துக்குள் வேலி இன்னும் மூன்று கட்டம் உள்ளே வந்துவிட்டது. அங்காலையும் கிடங்கு வெட்டும் சத்தம் கேட்டபடி இருந்தது.

'குறை' என்ற தலைப்பின் கீழ் சுதாகரன் முதல் தடவையாகக் கோபத்தோடு எழுதினான்: 'பக்கத்துக் காணிக்காரன் கள்ளன்.'

வெள்ளி காலை அறுநூற்றுப் பன்னிரண்டு தகடு. இன்னும் முந்நூற்று எண்பத்தெட்டு. மதிலும் மதிலும் நெருக்கியதில் அவனுடைய தொழிற்சாலை ஒற்றையடி ஒழுங்கை அகலத்துக்கு வந்துவிட்டிருந்தது. உலைக்குத் தும்மவும் இடமில்லை. ரோபோக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றுதான் தேநீர் குடித்தன. தொலைபேசியில் ஏஜென்சிக்காரனின் செய்தி வேறு: 'அண்ணை, அஞ்சு மணி. மறக்கவேண்டாம்.'

"மாமா, நேரம் போகுது, இனி என்ன செய்யிறது?"

"அந்தரப்படாதை. கடைசி ஆயுதம் ஒண்டும் இல்லையோ?"

இருந்தது. பூதத் துளைப்பான். இருநூறு தகடு விலை. பத்து மடங்கு வேகத்தில் கல்லைக் குடைந்து இரும்பை வாரிக் கொட்டும். ஒருமுறை வைத்தால் நிற்பாட்ட முடியாது என்று எறும்பு எழுத்தில் எழுதியிருந்தது. சுதாகரன் கண்ணை மூடிக்கொண்டு, எல்லையோரமாக, எதிரிக்கு நடுக்கம் பிடிக்கட்டும் என்று அதை இறக்கினான்.

தகடு கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு மணிக்கு எழுநூறு. இரண்டேகாலுக்கு எண்ணூற்று நாற்பது. ஆனால் வேலி இப்போது பார்த்துக்கொண்டிருக்கவே நகர்ந்தது. அங்காலையும் ஒரு பூதம் உறுமத் தொடங்கியிருந்தது.

மூன்று இருபதுக்கு இரண்டு மதிலும் நொறுங்கின. மூன்றரைக்கு எதிரியின் பெல்ற் இவனுடைய உலைக்குள் நேராகப் புகுந்து, செய்து வைத்த தகடுகளைச் சுமந்துகொண்டு அங்காலை போகத் தொடங்கியது. தொள்ளாயிரத்து நாற்பது. தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.

"களவு! பட்டப்பகல் களவு!" ஆழ்வாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

சுதாகரன் பெல்ற்றை அறுத்தான். அறுத்தது தன்னுடைய பெல்ற். திருப்பி ஒட்ட முடியாது. நீல ரோபோக்களும் மஞ்சள் ரோபோக்களும் கலந்துபோய், எது ஆருடையதென்று தெரியாமல், அவனுடைய கடையில் ஒன்றாகக் குந்தியிருந்து தேநீர் குடித்தன. அவனுக்கு அழுகை வந்தது. மகளின் சைக்கிள் மணி முற்றத்தில் கேட்டது. அவள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, மதில் உருக்குத்தானே?" என்றார் மாமனார் திடீரென்று. "உடைஞ்ச மதிலைப் பொறுக்கி உலைக்குள்ளை போடு!"

இருபத்திரண்டு வருஷ வழக்கு அனுபவத்தில் அந்த மனுஷன் கொடுத்த ஒரே நல்ல யோசனை அதுவாகத்தான் இருக்கும். நொறுங்கிய மதில் தகடாகத் திரும்பி வந்தது. மூன்று ஐம்பத்தொன்றுக்குத் தொள்ளாயிரத்து எண்பது. ஐம்பத்துமூன்றுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. ஐம்பத்தைந்துக்கு ஆயிரம்! நீலமும் மஞ்சளுமாக எல்லா ரோபோக்களும் விசிலடித்து ஆடின.

மிச்சம் அறிக்கைதான். காலையிலிருந்து ஆழ்வாப்பிள்ளை சொல்லச் சொல்ல அடித்து வைத்தது ஏற்கெனவே ஒன்பது பக்கம் இருந்தது. "'மேற்படி எதிரியானவர் தீய எண்ணத்தோடும் முன்யோசனையோடும்' எண்டு போட்டனீயோ?"

"போட்டிட்டன் மாமா."

"'என்னுடைய அமைதியான அனுபோகத்துக்கு இடையூறாக' எண்டு முடி. அனுப்பு, கெதியா அனுப்பு!"

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு அறிக்கை போனது. சுதாகரன் கதிரையில் சாய்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்பள்ளியால் வந்திருந்த தயாளினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மகள் ஓடி வந்து மடியில் ஏறினாள்.

"அப்பா, திங்கக்கிழமை என்னை நீங்களோ பள்ளிக்கூடம் கூட்டிப்போறது?"

"பாப்பம் குஞ்சு," என்றான்.

நாலு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. கொம்பனியிலிருந்து நிவேதனா என்ற பெண். கொம்பனி தொடர்பான எல்லாவற்றுக்கும் அவள்தான் கதைப்பாள். சுதாகரன் எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தான்.

"அண்ணை, உங்கடை அறிக்கை வாசிச்சம். ரோபோவைப் பற்றி எழுதினது சோக்கா இருக்கு. எழுத்துச் சின்னன், திருப்பி எடுக்கேலாது, எல்லாம் சரி. திருத்தத்தான் வேணும்."

தயாளினி அவனுடைய தோளைப் பிடித்தாள்.

"ஆனால் பதினொரு பக்கத்திலை ஒன்பது பக்கம் பக்கத்துக் காணிக்காரரைப் பற்றி எல்லோ எழுதியிருக்கிறியள்."

"ஓம் தங்கச்சி. அப்பிடியொரு கள்ளனை நான் என்ரை சீவியத்திலை கண்டதில்லை. நாளுக்கு நாள் வேலியை அரக்கினவன்."

"அவரும் உங்களைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார். அதையேதான்."

"என்னைப் பற்றியோ?" சுதாகரன் எழும்பிவிட்டான். "நான் ஒரு அங்குலம் அரக்கேல்லை! என்ரை பிள்ளை மேலை சத்தியமா அரக்கேல்லை!"

"பொய்! பச்சைப் பொய் எழுதியிருக்கிறான்!" என்று பின்னாலிருந்து ஆழ்வாப்பிள்ளை கத்தினார்.

நிவேதனா இரக்கத்தோடு சொன்னாள்.

"தெரியும் அண்ணை. விளையாட்டிலை வேணுமெண்டே ஒரேயொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டனாங்கள், அதைக் கண்டுபிடிச்சு எழுதுற ஆளுக்குத்தான் இந்த வேலை. வேலியை ஒருத்தரும் அரக்கேல்லை, நீங்கள் ரெண்டு பேரும் போட்டிக்குத் தோண்டத் தோண்டக் கல்லுத்தான் சின்னனாப் போய்க்கொண்டிருந்தது."